முப்பத்தொன்பதாம் எண்ணுக்கு என்ன மருந்து?

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.40.

இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த எலும்பு மருத்துவமனையின் முதல் மாடியில், டாக்டர் பூமிநாதன் தன் அறையின் இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அறுவை அரங்கிலிருந்து வந்த பச்சை உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. அலமாரியின் கீழ் டிராயர் திறந்து கிடந்தது. ஒன்றரை வருடமாக அதற்குள் அரக்கு முத்திரையோடு கிடந்த காக்கி உறையைக் காணோம்.

உறைக்குள் இருந்தது ஒரே ஒரு தாள். அதில் ஒன்று முதல் நாற்பது வரை எண்கள். எண்களுக்கு எதிரே எழுத்துகள். அவ்வளவுதான். அதை யார் திருடுவார்கள்?

டாக்டர் காவல் நிலையத்தை அழைக்கவில்லை. தன் செல்போனில் ஏற்கெனவே இருந்த ஓர் எண்ணை அழுத்தினார். அது அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஒருத்தியின் எண். அவள் காவல் உதவி ஆய்வாளராகவும் இருந்தாள்.

2.58.

மாரிச்செல்வி மாடிப்படி ஏறினாள். பதினெட்டுப் படிகள். ஜீப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்து வந்ததற்கு இடுப்பு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

கமுதிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வயது முப்பத்துநான்கு. ஒரு காலத்தில் காவல்துறை வாலிபால் அணியில் முன்வரிசையில் நின்று எகிறி அடித்தவள். மூன்று வருடங்களுக்கு முன் திருச்சியில் ஓர் ஆட்டம். எகிறியது நினைவிருக்கிறது, பந்து எதிர்ப்பக்கம் விழுந்ததும் நினைவிருக்கிறது. தரையில் இறங்கியபோது இடுப்புக்குள் ஏதோ நழுவியது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு வலையின் அந்தப் பக்கத்தை அவள் மேலிருந்து பார்த்ததில்லை. கனவில் மட்டும் சில நாள் பார்ப்பாள்.

நான்கு மாதங்களுக்கு முன் இதே டாக்டரிடம் வந்து, எல்லாரும் பேசுகிறார்களே, அந்த பி.ஆர்.பி. ஊசியை எனக்கும் போடுங்கள் என்று கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். அது பலன் தருகிறதா என்று இங்கேயே ஓர் ஆய்வு நடக்கிறது, முடிவு ஓர் உறைக்குள் இருக்கிறது, அதைத் திறக்கிறவரை பொறுங்கள் என்றார். அன்றிலிருந்து அவள் அந்த உறை திறக்கும் நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

அந்த உறையைத்தான் இப்போது காணோம்.

டாக்டர் விவரத்தைச் சொன்னார். ஜவ்வு கெட்டு இடுப்பு வலியோடு வந்த நாற்பது பேரை ஆய்வில் சேர்த்திருந்தார். நாற்பது பேரிடமும் இரத்தம் எடுக்கப்பட்டது. அதை இயந்திரத்தில் சுழற்றினால் பிளேட்லெட் அணுக்கள் செறிந்த பகுதி தனியே பிரியும். அதுதான் பி.ஆர்.பி. இருபது பேருக்கு அதை ஜவ்வுக்குள்ளேயே ஊசியாகப் போட்டார்கள். மற்ற இருபது பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, போட்ட டாக்டருக்கும் தெரியாது. மதுரையிலிருந்து வந்த ஒரு டெக்னீஷியன் பக்கத்து அறையில் ஊசிகளை நிரப்பி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

"தெரிஞ்சா என்ன சார்?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சா வலியே மாறிரும் மேடம். நல்ல மருந்து விழுந்திருக்குன்னு தெரிஞ்சவனுக்கு வலி குறைஞ்ச மாதிரி இருக்கும். தண்ணின்னு தெரிஞ்சவனுக்குக் கூடும். வலியை அளக்க எங்ககிட்ட மீட்டர் கிடையாது. அவங்க சொல்ற எண்ணுதான்."

பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. ஊசி போட்ட முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று முறை எண் கேட்டு எழுதுவார்கள். கடைசி மூன்று பேருக்கு இன்றுதான் ஆறாம் மாதம். மூன்று மணிக்கு அவர்களைச் சந்தித்துவிட்டு, நாளை உறையைத் திறப்பதாக இருந்தார்.

சேரும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்குறுதியும் தந்திருந்தார்கள். மருந்து நல்லது என்று முடிவானால், உப்புத்தண்ணீர் விழுந்தவர்களுக்கும் அதே ஊசியை இலவசமாகப் போடுவது என்று. அந்த நேரத்தில் டிராயரைத் திறந்து உறையைக் காட்டுவதும் டாக்டரின் வழக்கம். ஆகவே உறை இருக்கும் இடம் நாற்பது பேருக்கும் தெரியும். டிராயர் சாவி மேசைமேல் பேனா டப்பாவில் கிடக்கும் என்பதும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லும்போது டாக்டர் தரையைப் பார்த்தார்.

"உறை போனா ஆய்வும் போச்சா?"

போகாது என்றார். அதன் நகல் மதுரையில் புள்ளிவிவரம் பார்ப்பவரிடம் இருக்கிறது. அது மட்டுமில்லை. தாளில் எண்ணுக்கு எதிரே 'ஏ' அல்லது 'பி' என்றுதான் இருக்கும். எது மருந்து, எது தண்ணீர் என்பது மதுரைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். தாளில் விடை இல்லை என்ற இந்த விஷயம் டாக்டருக்கும் செவிலியர் சபியாவுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பி.ஆர்.பி. பிரிக்கும் கருவியை விற்கும் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர், காலையில் வந்து, முடிவு எப்படி சார் வரும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனாராம்.

3.15.

அறையின் தரை முழுக்க வெள்ளைத் தூசி. ஏ.சி. மாட்ட வந்தவர்கள் சுவரில் துளை போட்டுவிட்டு 12.50-க்குப் போயிருந்தார்கள். கூட்டுகிற அம்மா இன்னும் வரவில்லை. அலமாரிக்கு முன்னால் டாக்டரின் செருப்புத் தடம் தாறுமாறாகக் கிடந்தது.

டிராயர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மாரிச்செல்வி அலமாரியின் பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றினாள். வலது முழங்காலை முதலில் தரையில் வைத்தாள், பிறகு இடதை. முதுகு நேராக இருக்க, டிராயருக்குள் பார்த்தாள். பூட்டில் கீறல் இல்லை. சாவி பூட்டிலேயே தொங்கியது.

எழுந்திருக்கப் போனவள் முழங்காலிலேயே நின்றாள். தன் இரண்டு முழங்கால்களுக்கும் ஒரு கையகலம் தள்ளி, தூசியில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன. சிரட்டை கவிழ்த்த அளவு. நிமிர்ந்து, தன் கை ஊன்றிய இடத்தைப் பார்த்தாள். அலமாரிப் பக்கத்தில் படிந்திருந்த தூசியை, தன் கைக்குச் சற்று மேலே வேறொரு பெரிய உள்ளங்கை துடைத்திருந்தது.

அவள் அதைப் பற்றி டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை. செல்போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டாள். கைரேகைப் பிரிவை அழைக்கலாம். அழைத்தால் அது வழக்காகிவிடும்.

3.25.

மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதன் மேல்முனையில் கேமரா. பதிவை ஓட்டிப் பார்த்தார்கள்.

கம்பெனிப் பிரதிநிதி 12.30-க்கு இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. ஏ.சி. ஆட்கள் 12.50. அதுவரை அறையிலேயே இருந்த டாக்டர் 1.10-க்குக் கீழே அறுவை அரங்குக்குப் போனார். மேலே வந்தது 2.35. கீழக்கரைக்காரர் அப்துல் ஹாதி 12.55-க்கு ஜும்ஆ தொழுகைக்கு இறங்கி 2.05-க்குத் திரும்பினார். இரண்டு மணிக்குக் கீழிருந்து ஓர் ஊழியர் வந்து, டாக்டரின் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்புகள் அடுக்கியிருந்தார். அவர் உட்கார்ந்த பிறகு யாரும் உள்ளே நுழையவில்லை.

ஆக, 1.10-லிருந்து 2.00 வரை. அந்த நேரத்தில் மாடியில் இருந்தவர்கள் மூவர். சபியா, கூத்தையா, இன்னாசி.

சபியா அந்த நேரத்தில் மருந்து அறையில் லுஹர் என்னும் மதியத் தொழுகையை முடித்துவிட்டு, சாப்பிட்டதாகச் சொன்னாள். அவளிடம் டிராயருக்கு மாற்றுச் சாவி இருந்தது. கேட்காமலே அதை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லியிருந்த வலி எண்களையும் மாரிச்செல்வி அவளிடமே வாங்கிப் பார்த்தாள்.

முப்பத்தெட்டாம் எண், கூத்தையா: ஏழு.
முப்பத்தொன்பது, இன்னாசி: ஒன்று.
நாற்பது, அப்துல் ஹாதி: ஐந்து.

"கூத்தையாதான் மேடம் ரொம்ப மனசு விட்டுப் போய்ட்டாரு," என்றாள் சபியா. "ஒங்க ஊசி என்ன ஊசின்னு காலையிலகூட சத்தம் போட்டாரு."

3.40.

கூத்தையா முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயி. ஐம்பத்தெட்டு வயது. காத்திருப்போர் அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கால்களில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வி வந்தபோதும் அப்படியேதான் இருந்தார். கேமராப் பதிவு பார்த்துவிட்டு வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

"வலி எப்படிங்கய்யா இருக்கு?"

"எங்கன தாயி கொறஞ்சிச்சு. உசுர எடுக்குது."

"மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"இங்கனதான். சோறு தின்னேன், கண்ணசந்தேன்."

பையைக் காட்டச் சொன்னாள். நாற்காலிக்கு அடியில் இருந்த கனத்த பையை அவர் குனிந்து ஒற்றைக் கையால் இழுத்து மடியில் வைத்தார். தூக்குச் சட்டி, துண்டு, இரண்டு கிலோ உரப் பொட்டலம், வெற்றிலை. உறை இல்லை.

அப்துல் ஹாதி இருபது வருடம் துபாயில் லாரி ஓட்டியவர். ஐந்து நிமிடம் உட்கார்வார், இரண்டு நிமிடம் நடப்பார். தொழுகைக்குப் போய் வந்ததைச் சொன்னார். தொழுகையையே நாற்காலி போட்டுத்தான் தொழ முடிகிறது என்று சொல்லும்போது குரல் தாழ்ந்தது. நெற்றி தரையில் பட்டு இரண்டு வருடமாகிறதாம்.

இன்னாசி சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். தங்கச்சிமடத்து மீனவர், நாற்பத்தெட்டு வயது, அகன்ற தோள், பெரிய கைகள். உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்றார்.

"படகுல நின்னே பழகுனவன் மேடம். ஒக்காந்தா எனக்கு ஆகாது."

"வலி ஒண்ணுன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா. மாதா புண்ணியத்துல நல்லாருக்கு."

"கடலுக்குப் போறீங்களா?"

"போய்க்கிட்டுத்தான் இருக்கேன்," என்றவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பேருந்து நிலையத்தின் தகரக் கூரைதான் தெரிந்தது.

மதியம் எங்கே இருந்தார் என்று கேட்டதற்கு, இதே சன்னலோரம் என்றார். கூத்தையா தூங்கியதைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன், குறட்டை விட்டார் என்றார். அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு மஞ்சப்பை, அதற்குள் பழைய எக்ஸ்ரே. அவர் இன்னொன்றும் கேட்டார். விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி அது.

"மேடம், டாக்டர் எங்களப் பாப்பாரா? இன்னிக்கு எங்ககிட்டப் பேசுவாரில்ல?"

4.20.

மூன்று நோயாளிகளையும் டாக்டரின் அறைக்கு அழைத்துவரச் சொன்னாள். சபியா கதவோரம் நின்றாள். டாக்டர் கூத்தையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு என்று சொன்னவருக்குத்தானே கோபம் இருக்கும்.

"அய்யா, அந்த டிராயரக் கொஞ்சம் மூடிருங்க," என்றாள் மாரிச்செல்வி.

கூத்தையா இரண்டு எட்டு வைத்தார். நின்றபடியே இடுப்பை மடக்கிக் குனிந்து, டிராயரை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தார். நாற்று நடுகிறவர் குனிவதுபோல அவ்வளவு எளிதாக.  டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னாசி அண்ணே. நீங்க அதத் திறந்து, உள்ள ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

இன்னாசி தயங்கினார். பிறகு வந்தார். வலது உள்ளங்கையை அலமாரியின் பக்கத்தில் ஊன்றினார். ஒரு முழங்காலை இறக்கினார், பிறகு மற்றதை. முதுகு பாய்மரம்போல நேராக நின்றது. கை, தூசியில் முன்பே இருந்த அந்தக் கைத்தடத்தின்மேல் சரியாகப் பொருந்தியிருந்தது. அதை அவரும் பார்த்துவிட்டார். முழங்காலில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

மாரிச்செல்வி அவருக்குப் பக்கத்தில் வந்தாள். அதேபோல் கையை ஊன்றி, அதேபோல் ஒவ்வொரு முழங்காலாக இறக்கி, அவருக்கு நேராக மண்டியிட்டாள்.

"எனக்கும் இப்படித்தாண்ணே இறங்க முடியும்," என்றாள். "ஜவ்வு போனவங்களுக்குக் குனிய வராது. இந்த ரூம்ல திருடுன ஆளுக்கும் வரல. சபியா குனிஞ்சிருப்பாங்க. கூத்தையா குனியறத இப்பப் பாத்தோம். ஹாதி பாய் அந்த நேரத்துல பள்ளிவாசல்ல இருந்தாரு. வலி ஒண்ணுன்னு நீங்க எழுதிக் குடுத்ததுனால யாரும் ஒங்களப் பாக்கல. ஆனா ஒண்ணுன்னு சொல்றவரு நான் வந்ததுலருந்து ஒக்காரவே இல்ல. ஏழுன்னு சொன்னவரு எந்திரிக்கவே இல்ல."

சபியாவைப் பற்றிய இன்னொரு காரணத்தையும் அவள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். அந்தத் தாளில் விடை இல்லை, நகல் மதுரையில் இருக்கிறது என்பது சபியாவுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அதை எடுக்க மாட்டார்கள். எடுத்தவருக்கு அழிக்கும் எண்ணமும் இல்லை. இருந்திருந்தால் எப்போதோ படியிறங்கிப் போயிருப்பார். தாளில் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் எடுத்தார். பார்த்தும் புரியவில்லை. அதனால்தான் போகாமல் டாக்டருக்காகக் காத்திருந்தார்.

இன்னாசி சட்டைக்குள் கையை விட்டார். இடுப்பு பெல்ட்டின் ஒட்டுப்பட்டி பிரியும் சத்தம் கேட்டது. வலி ஒன்று என்று சொல்கிறவர் போடத் தேவையில்லாத பெல்ட். அதற்கும் வயிற்றுக்கும் நடுவிலிருந்து, வியர்வையில் நனைந்து நான்காக மடிந்த தாளை, அரக்கு உடைந்த உறையோடு எடுத்து நீட்டினார்.

"முப்பத்தொம்பது, பி," என்றார். "பி-ன்னா எது சார்?"

டாக்டர் தாளை வாங்கி மேசைமேல் விரித்து வைத்தார்.

இன்னாசியை நாற்காலியில் உட்காரவைக்க யாரும் முயலவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, அவர் சொல்லிமுடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கடலுக்குப் போய் இரண்டு வருடம். போவதாகச் சொன்னது பொய். விடியலில் கரைக்குப் போவது மட்டும் உண்மை. படகுகளைத் தள்ளிவிடும் இடத்தில் ஓரமாக நிற்பார், அவை கண்ணுக்கு மறைகிறவரை நின்றுவிட்டு வருவார். ஊசி போட்ட முதல் மாதம் வலி எட்டு. ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் நான்கு என்று வாயில் வந்துவிட்டது. மூன்றாம் மாதம் இரண்டு. இன்று ஒன்று.

"எதுக்குங்க?" என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது.

"எனக்கு வலி போகல சார். அப்ப எனக்கு விழுந்தது உப்புத்தண்ணியாத்தான இருக்கணும்? மருந்து நல்லதுன்னு முடிவானாத்தான் தண்ணி விழுந்தவங்களுக்கு மறுபடி போடுவோம்னீங்க. எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னா மருந்து செயிச்சிரும்னு நெனச்சேன். செயிச்சா எனக்கு நெச மருந்து கெடைக்கும்." பிரிந்த பெல்ட்டை மறுபடி ஒட்டிக்கொண்டார். "இன்னிக்கு ஒண்ணுன்னு எழுதிக் குடுத்த பெறகு பயம் வந்திருச்சு. ஒருவேளை எனக்கு விழுந்தது மருந்தாவே இருந்துட்டா? நாளைக்குத் தெரியும்னீங்க. நாளை வரைக்கும் பொறுக்க முடியல."

நாற்பது பேரின் ஆசையும் சேர்ந்து மருந்தைத் தூக்கிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அவர் உண்மையிலேயே தண்ணீர்ப் பக்கம் இருந்தால், அவர் சொன்ன அந்த 'ஒன்று' தண்ணீரைத்தான் ஜெயிக்க வைக்கும். இதை டாக்டர் விளக்க வாயெடுத்தார். இன்னாசியின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்போது கூத்தையா தொண்டையைச் செருமினார். தனக்கு வலி போய் மூன்று மாதம் ஆகிறது என்றார். உண்மையான எண் ஒன்றுதான். சுகமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், போன வலி கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்று பயந்து ஏழு என்று சொல்லி வந்திருக்கிறார். காலையில் போட்ட சத்தமும் அதற்காகத்தான்.

 டாக்டர் சபியாவிடம் இரண்டு வெற்றுப் படிவங்கள் கேட்டார். மதுரைக்குப் பேசுவதற்கு முன்னால் உண்மை எண்களை எழுதி, ஏன் மாறியது என்றும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். விடை தெரிந்த பிறகு திருத்தினால் அதுவும் ஒரு பொய்தான்.

கூத்தையா: ஒன்று. இன்னாசி: எட்டு.

திருட்டு குறித்து எழுத்தில் புகார் தரப்போவதில்லை என்றும் டாக்டர் சொன்னார். மாரிச்செல்வி தன் குறிப்பேட்டை மூடினாள்.

5.10.

மதுரைக்காரர் தொலைபேசியில் இரண்டே வாக்கியம் சொன்னார். ஏ என்றால் உப்புத்தண்ணீர். பி என்றால் பி.ஆர்.பி.

அறையில் இன்னாசியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"அப்ப எனக்கு விழுந்ததுதான் மருந்து."

"ஆமாங்க," என்றார் டாக்டர். கூத்தையாவின் எழுத்து ஏ. மூன்று மாதமாக வலியில்லாமல் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவருக்கு விழுந்தது உப்புத்தண்ணீர்.

சபியா கணினியில் நாற்பது எழுத்துகளையும் ஏற்றினாள். பி.ஆர்.பி. பிரிவின் சராசரி வலி நான்கு புள்ளி ஒன்று. உப்புத்தண்ணீர்ப் பிரிவுக்கு நான்கு புள்ளி இரண்டு. இரண்டு பிரிவுமே ஏழில் தொடங்கி இறங்கியிருந்தன. திருத்துவதற்கு முந்தைய எண்களையும் டாக்டர் போடச் சொன்னார். அப்போது முக்கால் புள்ளி மருந்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்த முக்கால் புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு, பலன் இருக்குற மாதிரி தெரியுதுன்னு எழுதியிருப்பேன்," என்றார் அவர். "எனக்கும் அந்த ஆசைதான் மேடம். நாற்பது பேருக்கும் நானே ஊசி போட்டவன்."

அவள் தனக்கான கேள்வியைக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். நாற்பது பேரை வைத்து உண்டு என்றும் சொல்லிவிட முடியாது, இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெளியூர்களிலும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான் நடந்திருக்கின்றன. சிலதில் பலன் தெரிகிறது, சிலதில் தெரியவில்லை. பெரிதாக ஒன்று நடக்க வேண்டும். அதுவரை உடற்பயிற்சியை விடாதீர்கள் என்றார்.

மாரிச்செல்வி தலையாட்டினாள். வலைக்கு மேலே எகிறும் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

5.30.

அவளுக்கு அன்று மாலை இராமேஸ்வரத்தில் பந்தோபஸ்து இருந்தது. வழியில் இறக்கிவிடுவதாக இன்னாசியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள். ஜீப் மண்டபத்தைத் தாண்டியது. அவர் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கித் தூக்கி உட்கார்ந்து வந்தார். அவளுக்கும் இடது கால்வரை இழுத்தது.

பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டினாள். அங்கே நிறுத்தக்கூடாது; நிறுத்துகிறவர்களை விரட்டுவது அவள் வேலை.

"ரெண்டு நிமிசம் நிப்போம்ணே. இதுக்கு மேல என்னால ஒக்கார முடியாது."

இருவரும் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். கீழே தண்ணீர் வடக்கிலிருந்து தெற்காக ஓடிக்கொண்டிருந்தது. நாட்டுப்படகு ஒன்று பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. அதில் நின்றவன் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினான். இன்னாசியும் ஆட்டினார். தெரிந்தவனா என்று கேட்டாள். படகைத் தெரியும் என்றார்.

"மீனு, வருமானம், அதெல்லாம் பையன் பாத்துக்கிறான் மேடம்," என்றார் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டே. "தரை அசையாம இருக்கறதுதான் எனக்குத் தாங்கல. ரெண்டு வருசமா எங்க நின்னாலும் அசையாமக் கெடக்கு."

அவள் இடது காலை மெல்ல நீட்டி மடக்கினாள்.

"வலி இந்த ஆறு மாசமும் இருந்துச்சு," என்றார். "ஆனா அடுத்த ஊசின்னு ஒண்ணு இருந்துச்சு. ராத்திரி புரண்டு படுக்கறப்ப அத நெனச்சுக்குவேன். இந்த ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தேன் மேடம்."

தங்கச்சிமடத்தில் அவர் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது, மனைவி யாகப்பம்மாள் போலீஸ் வண்டியைப் பார்த்துப் பதறாமல் இறங்கி வந்தாள். மெலிந்த, உயரமான பெண். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தன சொன்னீங்க?"

"எட்டு," என்றார் இன்னாசி.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த எக்ஸ்ரே பையை வாங்கிக்கொண்டாள்.

"இப்பதான் நெசம் சொல்லியிருக்கீங்க," என்றாள். "உள்ள வாங்க. முதுகுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் வைக்கிறேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனார். மாரிச்செல்வி வண்டியில் ஏறவில்லை. இடுப்பு கொஞ்சம் இளகட்டும் என்று, கடற்காற்று வருகிற பக்கமாகத் தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.